வாந்தி மாத்திரை: வாங்குவதற்கும் விழுங்குவதற்கும் முன் அறிய வேண்டியவை

மருந்துக் கடையில் "வாந்திக்கு ஒரு மாத்திரை கொடுங்கள்" என்று கேட்பவர், தாம் அறியாமலே ஏழெட்டு வெவ்வேறு மருந்துகளை ஒரே பெயரால் கேட்கிறார். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் பேருந்தில் கைகொடுக்கும் மாத்திரை, கெட்டுப்போன பிரியாணியைத் தின்று படுத்திருப்பவருக்கு அதிகம் உதவாது. புற்றுநோய்ச் சிகிச்சையில் வாந்தியைத் தடுக்கும் மாத்திரை அந்த மலைப்பாதையில் ஏறக்குறையப் பயனற்றது. குமட்டல் வரும் வழிகள் பல. ஒவ்வொரு மருந்தும் அவற்றுள் ஒன்றையோ இரண்டையோ அடைக்கிறது, அடைக்கும் இடத்தைப் பொறுத்தே அதன் பக்கவிளைவும் அமைகிறது. இதைப் புரிந்துகொண்டால் தூக்கம் வருமா, மலம் கட்டுமா, கழுத்து இழுக்குமா என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். வீட்டில் முதன்முறையாக ஒரு நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றவர்களுக்காக இவ்வழிகாட்டியை எழுதுகிறேன். இங்கே வரும் அளவுகள் மருத்துவர் எழுதித் தந்த சீட்டைப் புரிந்துகொள்ள உதவுவதற்கானவை. அவற்றைக் கொண்டு தாமே மருந்தைத் தீர்மானிப்பது தவறு.

முதற்படி: குமட்டல் எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்த்தல்

மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் வாந்தியை இயக்கும் நரம்பு மையம் இருக்கிறது. அதற்குச் செய்தி வரும் வழிகள் முக்கியமாக நான்கு. குடலின் உட்சுவர் புண்பட்டாலோ எரிச்சலடைந்தாலோ அங்குள்ள செல்கள் செரோடோனின் என்ற வேதிப்பொருளை வெளியிடுகின்றன, வேகஸ் நரம்பு அச்செய்தியை மேலே கொண்டுசெல்கிறது. கெட்ட உணவு, வைரஸ் கிருமியால் வரும் வயிற்றுப்போக்கு, புற்றுநோய்க்குக் கொடுக்கும் கீமோ மருந்து ஆகியவை பெரும்பாலும் இவ்வழியில் வேலை செய்கின்றன. இரண்டாவது, நான்காம் மூளை அறையின் தரையில் உள்ள ஒரு சிறு பகுதி. மூளையின் ஏனைய இடங்களை இரத்தத்திலிருந்து பிரித்துக் காக்கும் தடுப்பு அங்கே இல்லாததால், இரத்தத்தில் நச்சுப் பொருளோ சிறுநீரகம் வெளியேற்றத் தவறிய கழிவோ மிகுந்தால் அது உடனே அறிந்துகொள்கிறது. இங்கே செய்தி கடத்துவதில் டோபமின் என்ற வேதிப்பொருள் முக்கியப் பங்கு வகிக்கிறது. மூன்றாவது, உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு. பயணக் குமட்டலும் தலைசுற்றலோடு வரும் வாந்தியும் இதன் வழியே வருகின்றன, ஹிஸ்டமினும் அசிட்டைல்கோலினும் செய்தியைக் கடத்துகின்றன. நான்காவது மனம்: நாற்றம், அச்சம், பழைய நினைவு. கீமோ ஏற்றிய அறையின் வாடை மூக்கில் பட்டதுமே சிலருக்கு ஓங்கரிப்பு வருவது இதனால்தான்.

நம் வீடுகளில் மஞ்சளாகக் கசப்பாக வாந்தி வந்தால் பித்தம் ஏறிவிட்டது என்பார்கள். பெரியவர்களைப் பொறுத்தவரை, இரைப்பை காலியான பிறகும் வாந்தி நிற்காததால் கீழிருந்து பித்தநீர் மேலே வருகிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். ஆனால் பச்சிளங்குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால், குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம் என்பதால், அதை அவசரநிலையாகக் கருதி உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இரண்டாம் படி: மாத்திரையைத் தொடக் கூடாத தருணங்கள்

வாந்தியை அடக்குவது சில வேளைகளில் அபாய மணியின் ஓசையை அடக்குவதாகிவிடும். வாந்தியில் இரத்தமோ காப்பித்தூள் போன்ற கறுப்புத் துகளோ தெரிந்தாலும், தலையில் அடிபட்ட பிறகு வாந்தி தொடர்ந்தாலும், கடும் தலைவலியோடு கழுத்து விறைத்தாலும், வயிறு உப்பி மலமும் வாயுவும் போகாமல் நின்றாலும், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழியாவிட்டாலும் வீட்டில் மருந்து கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. நெஞ்சழுத்தமோ குளிர்ந்த வியர்வையோ கூட இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். இதயத்தின் கீழ்ப்பகுதியைத் தாக்கும் மாரடைப்பு குமட்டலாகத் தோன்றுவது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. சர்க்கரை நோயாளி இடைவிடாமல் வாந்தி எடுத்து வேகமாக மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் மிகுந்திருக்கலாம்.

அடுத்து, வீட்டில் உள்ள மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை, சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின், கிருமியைக் கொல்லும் எரித்ரோமைசின், வலிக்குக் கொடுக்கும் டிரமடால், இதயத்துக்குக் கொடுக்கும் டிகாக்சின், எடையைக் குறைக்கப் போடும் செமக்ளுடைடு ஊசி ஆகிய அனைத்தும் குமட்டலை உண்டாக்க வல்லவை. அதிலும் டிகாக்சின் எடுக்கும் முதியவருக்குப் புதிதாகக் குமட்டல் வந்தால் அம்மருந்து உடலில் அளவு மீறியிருப்பதன் முதல் அறிகுறியாக அது இருக்கக்கூடும். ஒரு மருந்தின் பக்கவிளைவுக்கு இன்னொரு மருந்து கொடுத்து, அதன் பக்கவிளைவுக்கு மூன்றாவது ஒன்றைத் தேடும் நிலை இப்படித்தான் தொடங்குகிறது.

மூன்றாம் படி: நீர்

வயிற்றுப்போக்கோடு வரும் வாந்தியில் மாத்திரையைவிட ஓ.ஆர்.எஸ். கரைசலே உயிரைக் காக்கிறது. பெரிய பொட்டலம் முழுவதையும் 1 லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவில் கொட்டிக் கரைத்தால் உப்பின் அளவு தவறிவிடும். வாந்தி வந்தால் பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி என்ற கணக்கில் புகட்டுங்கள். ஒரே மூச்சில் ஒரு டம்ளரைக் குடித்தால் அது அப்படியே திரும்பி வரும். கடைகளில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகமாட்டா; அவற்றில் மிகுந்துள்ள சர்க்கரை வயிற்றுப்போக்கைக் கூட்டும். இஞ்சிச் சாறும் சுக்குக் கஷாயமும் கொடுப்பதில் தவறில்லை. கருவுற்ற பெண்களின் குமட்டலுக்கு இஞ்சி ஓரளவு பயன் தருவதாக ஆய்வுகளும் காட்டியுள்ளன.

நான்காம் படி: கையில் உள்ள மருந்து எது என்று அறிதல்

அட்டையில் நிறுவனம் வைத்த பெயர் ஒன்றும் மருந்தின் பெயர் ஒன்றும் இருக்கும். மருந்தின் பெயரைத்தான் படிக்க வேண்டும்.

ஒண்டான்செட்ரான். எமிசெட் என்ற பெயரில் நம் ஊர்களில் பரவலாகக் கிடைப்பது இதுவே. குடல் வழியில் செரோடோனினைத் தடுக்கும் இம்மருந்து 1991-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது கீமோ நோயாளிகளின் வாழ்க்கையையே மாற்றியது என்று சொன்னால் மிகையில்லை. தூக்கத்தைப் பெரிதாக உண்டாக்காது என்பது இதன் சிறப்பு. ஆனால் குடலின் அசைவுக்கும் செரோடோனின் தேவைப்படுவதால் மலச்சிக்கல் வருகிறது. தலைவலியும் அடிக்கடி வரும். நான்கைந்து நாள் தொடர்ந்து எடுப்பவர்களுக்கு மலமிளக்கியும் சேர்த்து வேண்டுமா என்று மருத்துவரிடம் முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது. நாக்கில் வைத்தால் கரையும் வகையாக இருந்தால், ஈரமில்லாத கையால் தாளை உரித்து எடுங்கள். பின்பக்கத்திலிருந்து அழுத்தினால் மாத்திரை நொறுங்கிவிடும்.

இதன் கவலைக்குரிய பக்கவிளைவு இதயத்தைச் சார்ந்தது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் மின்னளவில் மீண்டும் தயாராக எடுக்கும் நேரத்தை, ஈ.சி.ஜி.யில் கியூ.டி. இடைவெளி என்று காண்பார்கள். ஒண்டான்செட்ரான் அதை நீட்டுகிறது. மிகவும் நீண்டால் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். நரம்பு வழியாக ஒரே தடவையில் 32 மி.கி. செலுத்தும் முறையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-இல் நீக்கியதற்குக் காரணம் இதுதான். வாய்வழி 4 மி.கி. எடுக்கும் ஆரோக்கியமான ஒருவர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வாந்தியால் பொட்டாசியமும் மக்னீசியமும் குறைந்து போனவர், இதய நோயாளி, கியூ.டி.யை நீட்டும் வேறு மருந்து எடுப்பவர் ஆகியோர் நிலை வேறு. காய்ச்சலும் வாந்தியும் உள்ளவரின் சீட்டில் அசித்ரோமைசின், ஒண்டான்செட்ரான், டோம்பெரிடோன் கலந்த கேஸ் மாத்திரை ஆகிய மூன்றும் அருகருகே இடம்பெறுவது அரிதல்ல. மூன்றுமே ஒரே திசையில் இழுப்பவை.

டோம்பெரிடோன். இந்த மருந்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ஏனெனில் இதை எடுக்கிறோம் என்று தெரியாமலே எடுப்பவர்கள் ஏராளம். அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல், ரபிப்ரசோல், ஒமிப்ரசோல் ஆகியவற்றின் பெயருக்குப் பின்னால் "டி" என்றோ "டி.எஸ்.ஆர்." என்றோ ஓர் ஒட்டு இருந்தால், அந்த டி பெரும்பாலும் டோம்பெரிடோனைக் குறிக்கும். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று என்று எப்போதோ ஒரு மருத்துவர் பத்து நாளுக்கு எழுதித் தந்தது, பழைய அட்டையைக் காட்டி வாங்கி வாங்கி ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. ஐரோப்பிய மருந்துக் கழகம் 2014-இல் இம்மருந்தைக் குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும், 10 மி.கி. வீதம் நாளுக்கு மூன்று முறைக்கு மேற்படாமல் கொடுத்து, பொதுவாக ஒரு வாரத்துக்குள் நிறுத்திவிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அறுபது வயதைக் கடந்தவர்களிடமும் நாளுக்கு 30 மி.கி.க்கு மேல் எடுப்பவர்களிடமும் இதயத் துடிப்புக் கோளாறு மிகுதியாகக் காணப்பட்டதே காரணம். டி.எஸ்.ஆர். வகை மாத்திரைகள் பலவற்றில் ஒன்றிலேயே 30 மி.கி. இருக்கிறது என்பதை இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், ஃப்ளுகோனசோல் போன்றவற்றோடு சேர்த்து இதை எடுக்கக் கூடாது. இன்னொரு பக்கவிளைவு, புரோலாக்டின் என்ற சுரப்பு மிகுவது. அதனால் மாதவிடாய் தவறலாம், பால் கொடுக்காத பெண்ணுக்கும் மார்பில் பால் கசியலாம், ஆண்களுக்கு மார்பு வீங்கலாம். இவற்றுக்காக ஸ்கேன் வரை சென்று அலைவதற்கு முன் மாத்திரையின் பெயரை மருத்துவரிடம் காட்டுங்கள். அமில மாத்திரை உண்மையிலேயே தேவை என்றாலும் டி இல்லாத வகை போதுமா என்று கேட்பது உங்கள் உரிமை.

இதன் நன்மை ஒன்றையும் சொல்ல வேண்டும். டோம்பெரிடோன் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. அதனால் பார்க்கின்சன் நோயாளிக்கு வாந்தி மருந்து தேவைப்பட்டால், இதய நிலையைப் பார்த்த பிறகு, இதையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

மெட்டோகுளோபிரமைடு. பெரினார்ம் என்ற பெயரில் ஊசியாகவும் மாத்திரையாகவும் கிடைக்கிறது. இதுவும் டோபமினைத் தடுப்பதுதான், ஆனால் மூளைக்குள் நுழைந்துவிடுகிறது. உடல் அசைவைச் சீராக வைத்திருக்கவும் டோபமின் தேவை என்பதால், ஊசி போட்ட ஓரிரு நாளுக்குள் சிலருக்குக் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும், கண் மேல்நோக்கிச் செருகிக்கொள்ளும், தாடை இறுகும். குழந்தைகளிடமும் இளம் பெண்களிடமும் இது மிகுதி. பார்ப்பவர்கள் வலிப்பு என்றும், சில ஊர்களில் காற்றுக் கருப்பு என்றும் எண்ணிப் பதறுகிறார்கள். நோயாளிக்கு நினைவு தெளிவாகவே இருக்கும். புரோமெதசின் போன்ற மாற்று மருந்தை ஊசியாகப் போட்டால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். ஆகவே என்ன ஊசி போட்டார்கள் என்பதை எழுதி வைத்திருந்தால் அவசரப் பிரிவில் அரை மணி நேரம் மிச்சமாகும். இன்னொரு வகை, உட்கார முடியாமல் நிற்க முடியாமல் உள்ளே பரபரக்கும் அமைதியின்மை. நோயாளி பிடிவாதம் பிடிப்பதாகத் தோன்றினாலும் அது மருந்தின் வேலையே. மாதக்கணக்கில் எடுத்தால் வாயும் நாக்கும் தாமாகவே அசைபோடும் கோளாறு நிலைத்துவிடலாம். இதற்காகவே அமெரிக்காவில் 2009-இல் மருந்துக் குறிப்பில் இடம்பெறும் மிகக் கடுமையான எச்சரிக்கையான கறுப்புக் கட்ட எச்சரிக்கை சேர்க்கப்பட்டது, 12 வாரங்களுக்கு மேல் கூடாது என்ற வரம்பும் விதிக்கப்பட்டது. ஐரோப்பாவில் வரம்பு இன்னும் கடுமையானது: ஐந்து நாள், நாளுக்கு 30 மி.கி. பார்க்கின்சன் நோயாளிக்கும் குடல் அடைப்பு உள்ளவருக்கும் இது ஆகாது.

புரோகுளோர்பெரசின். ஸ்டெமெட்டில் என்றால் பலருக்குத் தெரியும். தலைசுற்றலோடு வரும் வாந்திக்கு நல்ல மருந்து, சில நாளுக்கு மட்டும். தலைசுற்றும்போதெல்லாம் ஒன்று என்று முதியவர்கள் மாதக்கணக்கில் தொடர்ந்தால் கை நடுக்கமும் குறுகிய அடியெடுத்து நடக்கும் நடையும் வந்துவிடுகின்றன. தலைசுற்றலுக்குக் கொடுக்கும் சின்னாரிசினும் இதையே செய்யும். வயதாகிவிட்டது என்றோ பார்க்கின்சன் என்றோ முடிவு கட்டுவதற்கு முன் மாத்திரையைச் சந்தேகியுங்கள். மருந்தால் வந்த நடுக்கம் மருத்துவரின் அறிவுரைப்படி மருந்தை நிறுத்திய சில மாதங்களில் பெரும்பாலும் குறைந்துவிடும். எழுந்தவுடன் இரத்த அழுத்தம் சரிந்து கீழே விழும் அபாயமும் இதில் உண்டு.

பயண மாத்திரைகள். அவோமின் எனப்படும் புரோமெதசின், டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின் ஆகியவை உட்காதின் வழியை அடைப்பவை. டைமென்ஹைட்ரினேட் பயணத்துக்கு உதவும் என்பது தற்செயலாகவே தெரியவந்தது: 1947-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தோல் தடிப்புக்காக அதை எடுத்த ஒரு பெண், டிராம் வண்டியில் வழக்கமாக வரும் குமட்டல் வரவில்லை என்று சொன்னாராம். இவற்றை வாந்தி தொடங்கிய பிறகு விழுங்கிப் பயனில்லை. வண்டி ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே எடுக்க வேண்டும். தூக்கம், வாய் உலர்தல், பார்வை மங்கல் ஆகியவை வரும். வண்டி ஓட்டுபவரும் மது அருந்தியவரும் எடுக்கக் கூடாது. புரோஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம், கண் நீர் அழுத்த நோயின் சில வகைகள் முற்றலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் புரோமெதசின் கொடுத்தால் மூச்சே தடைப்படக்கூடும் என்பதால் அது முற்றிலும் விலக்கு. நீண்ட பயணத்தில் குழந்தை தூங்கட்டும் என்று சிரப்பாகக் கொடுக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும்.

ஐந்தாம் படி: யாருக்கு என்று பார்த்தல்

மசக்கைக்கு முதலில் எழுதப்படுவது டாக்சிலமினும் பி6 வைட்டமினான பைரிடாக்சினும் சேர்ந்த மாத்திரை. இதன் வரலாறு விசித்திரமானது. 1957 முதல் ஜெர்மனியில் விற்ற தாலிடோமைடு என்ற மருந்தைக் கர்ப்பிணிகள் குமட்டலுக்காக எடுத்ததால் கைகால் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பல்லாயிரம் பேர் பிறந்தனர், 1961-இல் அது திரும்பப் பெறப்பட்டது. அந்த அச்சத்தின் நிழல் டாக்சிலமின் மாத்திரை மீதும் விழுந்து, வழக்குகளின் சுமை தாங்காமல் 1983-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து நிறுவனமே அதை விலக்கிக்கொண்டது. பிறவிக் குறைகளை அது கூட்டவில்லை என்று ஆய்வுகள் தொடர்ந்து காட்டியதால் 2013-இல் மீண்டும் அனுமதி கிடைத்தது. தூக்கம் வரும் என்பதால் இரவில் எடுக்கச் சொல்வார்கள். ஒண்டான்செட்ரானை முதல் மூன்று மாதங்களில் எடுப்பதால் உதடு அல்லது அண்ணப் பிளவு 10,000 பிரசவத்துக்கு மூன்று என்ற அளவில் கூடலாம் என்று 2018-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. கூடுதல் சிறிதே, எனினும் முதல் தேர்வாக அது இருக்க வேண்டியதில்லை. எதைக் குடித்தாலும் தங்காமல் எடை குறைந்துகொண்டே போகும் பெண்ணை மசக்கைதானே என்று விட்டுவிடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

குழந்தைக்கு மருந்தின் அளவை எடையே தீர்மானிக்கிறது. அண்ணனுக்கு எழுதிய சிரப்பைத் தம்பிக்கு ஊற்றக் கூடாது. ஒண்டான்செட்ரான் கொடுத்த குழந்தைக்கு வயிற்றுப்போக்கு சற்றுக் கூடினால் வியப்படைய வேண்டாம், ஓ.ஆர்.எஸ். தொடரட்டும்.

கீமோ எடுப்பவர்களின் கதை தனி. அங்கே ஒரு மருந்து போதாது, மூன்று நான்கு சேர்ந்து வேலை செய்கின்றன. வாந்தி வரும் வரை காத்திராமல், மணி பார்த்து, வருவதற்கு முன்பே எடுக்க வேண்டும். முதல் நாள் நன்றாக இருந்ததை நம்பி மாத்திரையை நிறுத்துபவர்கள் இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை வரும் தாமத வாந்தியில் மாட்டிக்கொள்கிறார்கள். சேர்க்கையில் வரும் டெக்சாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும். காலை உணவோடு எடுத்தால் இரவு சற்று நிம்மதி. அதே சேர்க்கையில் வரும் அப்ரிபிடன்ட் என்ற மருந்து கருத்தடை மாத்திரையின் வலிமையைக் குறைக்கும், கடைசி மாத்திரைக்குப் பின் 28 நாள் வரை இந்த விளைவு நீடிக்கும் என்பதை இளம் தம்பதியர் அறிந்திருக்க வேண்டும். ஓலன்சபைன் மனநோய் மருந்தாயிற்றே என்று அட்டையைப் பார்த்துப் பயப்படுபவர்கள் பலர். குமட்டலை அடக்குவதில் அது மிகச் சிறந்தது, ஆனால் பகலிலும் தூக்கம் அழுத்தும். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 2024-இல் வெளியிட்ட ஆய்வில் 10 மி.கி.க்குப் பதில் 2.5 மி.கி. கொடுத்தாலும் வாந்தியை அடக்குவதில் குறைவில்லை, பகல் தூக்கம் மட்டும் குறைகிறது என்று தெரியவந்தது. மயக்கமாகவே கிடக்கிறார் என்றால் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாமல், அளவைக் குறைக்கலாமா என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆறாம் படி: எடுக்கும்போதும் எடுத்த பிறகும்

விழுங்கிய சிறிது நேரத்திலேயே மாத்திரை வாந்தியோடு வெளியே தெரிந்தால், இன்னொன்று கொடுக்கலாமா என்று மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள். அரை மணி கடந்திருந்தால் பெரும்பாலும் அடுத்த வேளை வரை பொறுக்கச் சொல்வார்கள். ஒரு மருந்து கேட்கவில்லை என்பதற்காக அதே வகையில் வேறு பெயரிலுள்ள இன்னொன்றைச் சேர்க்காதீர்கள். டோம்பெரிடோனும் மெட்டோகுளோபிரமைடும் சேர்ந்தால் பயன் இரட்டிப்பாவதில்லை, பக்கவிளைவே கூடுகிறது. இவற்றுள் பெரும்பாலானவை சட்டப்படி மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவை என்பதால், கடைக்காரர் கேள்வி கேட்டால் எரிச்சலடையாமல் பதில் சொல்லுங்கள்.

ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதி வைத்தால் போதும்: அட்டையில் உள்ள மருந்துப் பெயர், கொடுத்த நேரம், அதன் பிறகு வந்த வாந்தியின் எண்ணிக்கை, கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரம். படபடப்போ மயக்கமோ வந்தாலும், கழுத்தோ தாடையோ இழுத்தாலும், உடலில் தடிப்புக் கிளம்பி மூச்சுத் திணறினாலும் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல், அந்தத் தாளையும் காலி அட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பெரியவர்களுக்கு 48 மணி நேரத்திலும் குழந்தைகளுக்கு 24 மணி நேரத்திலும் வாந்தி அடங்காவிட்டால், மாத்திரை வேலை செய்யவில்லை என்று அதை மாற்றிப் பார்ப்பதை விட்டுவிட்டு, வாந்திக்கான காரணத்தை மீண்டும் தேடும்படி மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.